சவரி அண்ணனின் பச்சைப் பெட்டி

ஜனவரி 4, வெள்ளி

காலையில் பனி. கடல் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. துறைமுகத்துச் சங்கு மட்டும் எங்கிருந்தோ, கன்றைத் தொலைத்த மாடு மாதிரி.

முதலில் மானக்கேட்டை எழுதித் தொலைத்துவிடுகிறேன். நேற்றுச் சாயங்காலக் கூட்டத்தில் மேடையிலேயே தூங்கிவிட்டேன். அதில் வெட்கமில்லை, நாற்பத்தெட்டு வயசுக்காரனை நாற்காலியில் உட்கார வைத்தால் வேறென்ன செய்வான். போன மாதம் காலமான ஹார்பர் மேஸ்திரிக்காக எல்லோரும் எழுந்து மௌனமாய் நின்றிருக்கிறார்கள். அந்த அமைதிதான் என்னை எழுப்பிவிட்டது. பேச்சு முடிந்துவிட்டது போல என்று படபடவென்று கை தட்டினேன். முன் வரிசை கொஞ்சம் யோசித்தது. பிறகு அதுவும் தட்டியது. மேஸ்திரியின் பெண்சாதி முன் வரிசையில்தான். பாவம், அவளும் தட்டினாள்.

சவரி அண்ணன் மேடையில் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. வண்டியில் ஏறும்போது மட்டும்:

"வாத்தியாரே, நான் செத்தா நீ வராதே. ஆள் அனுப்பு, போதும்."

சவரியப்பன், எம்.எல்.ஏ. இனி ச.அ. என்று எழுதுகிறேன், மை மிச்சம். நான் அச்சாபீசில் புரூஃப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவன்; வாரம் ஒரு சிரிப்புக் கட்டுரை; மிச்ச நேரத்தில் ச.அ.வுக்கு நோட்டீஸ், மேடைப் பேச்சு, இரங்கல் தீர்மானம். இரங்கல் நேற்று நானே கெடுத்தது.

தேர்தல் நோட்டீசுக்கு அவர் சரித்திரம் வேண்டுமாம். குறிப்பு:

— ஹார்பரில் மூட்டை எண்ணும் குமாஸ்தா.
— கூலிக்காரர் ஸ்டிரைக்கில் துரையின் மேஜை மேலே ஏறி நின்று பேசியது. (எப்படி இறங்குவது என்று தெரியாமல்தான் அவ்வளவு நேரம் பேசினாராம். நோட்டீசில் வேண்டாம்.)
— கார்ப்பரேஷன் கவுன்சிலர்.
— அசெம்பிளிக்கு இரண்டு தடவை. பச்சைப் பெட்டி.
— ராயபுரம் குப்பத்துக்குக் குழாய். ஒன்று.
— ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியானபோது, ஓடாமல் குப்பத்திலேயே இருந்து கஞ்சி காய்ச்சி ஊற்றியது. இதற்கு நான் சாட்சி சொல்ல முடியாது. ஓடினவர்களில் நான் முதல் பாட்சு.

என் சம்சாரம் ராஜாமணிக்குத் தலைவலி. தைலம் தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

ஜனவரி 7, திங்கள்

மழை விட்டுப் பத்து நாள் ஆயிற்று. ச.அ.வுக்குக் கிடைத்த சின்னம் குடை.

பின்னால் படிக்கும்போது எனக்கே மறந்திருக்கும், அதனால் எழுதி வைக்கிறேன். முன்பெல்லாம் ஓட்டுச்சாவடியில் ஆளுக்கொரு கலர் பெட்டி. யாருக்குப் பிரியமோ அவர் கலர் பெட்டியில் சீட்டைப் போட வேண்டியது. ச.அ.வுக்கு இரண்டு தடவையும் பச்சை. "பச்சைப் பெட்டி சவரி அண்ணன் பெட்டி" என்று டோலக் வைத்துப் பாடின பாட்டு குப்பத்தில் தாலாட்டாகவே ஆகிவிட்டது. அப்போது பாதிப் பேருக்கு ஓட்டே கிடையாது. பாட்டு மட்டும் எல்லோருக்கும் உண்டு. இந்தத் தடவை எல்லோருக்கும் ஓட்டு. கலர்தான் கிடையாதாம். பெட்டி மேலே சின்னத்தை ஒட்டி வைப்பார்களாம்.

படகு கேட்டோம். வேறொரு புண்ணியவானுக்குப் போய்விட்டது.

"அண்ணே, இனிமே பச்சைன்னு பேசாதீங்க. குடை, குடை, குடை. அவ்வளவுதான்."

"இன்னாடா பேசறே? பதினஞ்சு வருசமா என் மூஞ்சியே பச்சைன்னு ஆயிப்போச்சு. இப்பப் போயி குடைக்காரன்னு சொல்லச் சொல்றியா? ரிப்பேர் பண்றவன்னு நெனச்சிக்கப் போறான்."

"சின்னம் அதுதானே."

"சின்னம் இருக்கட்டும் ஒரு பக்கம். ஜனம் பச்சையத் தேடும்."

தேடும்தான். தேடி எதைக் கண்டுபிடிக்கும் என்று கேட்க வாயெடுத்தேன். அவர் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். இடது கையால் நெஞ்சைத் தடவிக்கொண்டே. கேட்கவில்லை.

நோட்டீசில் குடைப் படம் போட்டிருக்கிறேன். அச்சாபீஸ் பிளாக் பழசு. வௌவால் மாதிரி விழுந்திருக்கிறது.

ஜனவரி 10, வியாழன்

குப்பத்தில் ஓட்டுக் கேட்கப் போனோம். கருவாட்டு வாடை, ஈரமணல், என் செருப்பு வார் அறுந்தது. ச.அ. கைகூப்பியபடி முன்னே. நான் வௌவால் நோட்டீசோடு பின்னே.

அந்தோணியம்மா மீன் கூடையை இறக்கிவிட்டு வந்தாள். அந்தக் குப்பத்தில் அவள் சொன்னால் பத்து வீடு கேட்கும். பச்சைப் பெட்டிப் பாட்டை முதல் தேர்தலில் முதன்முதலில் எடுத்துப் பாடினவளும் அவள்தான்.

"இன்னாண்ணா, எளச்சிப்பூட்டே? வூட்ல சோறு போடறாங்களா இல்லியா?"

"ஒங்க கையால தின்னு நாளாச்சுல்ல."

"நாங்க எங்கண்ணா ஓடிப்பூட்டோம்? நீதான் பொரசவாக்கம் பக்கம் குடி போயிட்டே. புயல்ல பதினாலு மரம் ஒடஞ்சிதே, அப்பகூட மவராசன் வருவாரு வருவாருன்னு குந்திக்கினு இருந்தோம்."

"அப்ப நான் ஆஸ்பத்திரியில..."

"தெரியும் தெரியும். மாதா காப்பாத்துனா." கூடையைத் தூக்கிக்கொண்டாள். "ஓட்டுதானே? அதுக்கு நீ வெயில்ல வரணுமா? பச்சையில போட்டுர்றோம், போ."

மரம் என்றால் கட்டுமரம். பதினாலு. அதற்கு நான் ஒரு இரங்கல் தீர்மானம் எழுதினேன், நினைவிருக்கிறது. நன்றாக வந்திருந்தது.

திரும்பும்போது ச.அ. வண்டியில் சின்னப்பிள்ளை மாதிரி. "கேட்டியா? பச்சையில போட்டுர்றோம்னா. இன்னும் பச்சை." கண்ணில் ஈரம். குடை என்று சொல்லிக் கொடுக்க நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். சிரிப்புக் கட்டுரை எழுதுகிறவனுக்கு ஒருத்தர் சந்தோஷத்தைக் கெடுக்கும் தைரியம் மட்டும் ஏனோ வருவதில்லை.

ஜனவரி 14, திங்கள். பொங்கல்.

பானை பொங்கியது. அடுப்பு அணைந்தது. ராஜாமணி: "உங்க பேச்சு மாதிரியே. பொங்கும், அப்புறம் புகையும்."

ச.அ.வின் மகள் பிலோமினா பெங்களூரிலிருந்து வந்திருக்கிறாள். என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "மாமா, டாக்டர் இதுக்கு மேல மேடை ஏறக் கூடாதுன்னுட்டார். தோத்தாலும் ஜெயிச்சாலும் இதோட போதும்னு நீங்கதான் சொல்லணும். நான் அழைச்சிட்டுப் போயிடறேன். நீங்க சொன்னா கேப்பார்."

நான் சொன்னால் கேட்பாராம். என் வீட்டுப் பூனைகூட ராஜாமணி சொன்னால்தான் கேட்கும்.

ஜனவரி 21, திங்கள். ஓட்டு நாள்.

விடியலில் குளிர். பிறகு வெயில்.

குப்பத்துச் சாவடி பள்ளிக்கூடத்தில். ச.அ. தரப்பு ஏஜென்டு நான். பெட்டிக்கு சீல் வைப்பதைப் பார்க்க முன்னாடியே போய்விட்டேன். உள்ளறையில் நீள பெஞ்சு. அதன் மேல் வரிசையாக இரும்புப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் சின்னம் ஒட்டின காகிதம்.

எல்லாப் பெட்டியும் பச்சை.

பாசிப் பச்சை. ஒன்றுவிடாமல். அதிகாரியைக் கேட்டேன், கண்ணாடி போட்ட நல்ல மனுஷர்.

"சார், எல்லாத்துக்கும் ஒரே கலரா?"

"சர்க்கார் கொடுத்தது சார் அது. கம்பெனியிலேருந்து அப்படியே வருது. ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"யாராவது பச்சைன்னு தேடி வந்தா?"

"சின்னத்தைப் பார்த்துப் போடட்டும். நீங்க உள்ளே யாருக்கும் ஒண்ணும் சொல்லக் கூடாது, ஆமா."

முதல் பெட்டி ஆதிமூலம் என்பவருடையது. யாரோ சுயேச்சை, பேர் வரிசையில் முதலில் வந்திருக்கிறார். நோட்டீஸ் இல்லை, கூட்டம் இல்லை, குப்பத்தில் அவர் மூஞ்சியை யாரும் பார்த்ததில்லை. கதவைத் தாண்டியதும் கைக்கு எட்டும் பெட்டி. நம் குடை கடைசிக்கு முந்தினது, ஜன்னல் வெளிச்சம் படாத மூலையில். வௌவாலுக்கு ஏற்ற இடம்.

ஒன்றுக்கு என்று விரலைக் காட்டிவிட்டு வெளியே ஓடினேன். ச.அ. தெருமுனையில் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, உள்ளே எல்லாப் பெட்டியும் பச்சை."

ஒரு நொடி முகம் மலர்ந்தது. அதுதான் கொடுமை. "எல்லாமேவா? அப்ப எல்லாம் நம்ம பெட்டிடா!" என்று சிரித்தார். பிறகுதான் அவருக்கும் விளங்கியது. கூப்பின கை தானாகப் பிரிந்தது.

வரிசையில் நிற்பவர்களைப் பார்த்து, "குடை! குடையில போடுங்கம்மா!" என்று கத்தினார். மேடையில் வராத குரல். கான்ஸ்டபிள் வந்து, "ஐயா, இங்க கூவக் கூடாதுங்க," என்று தோளைத் தொட்டான். எம்.எல்.ஏ. தோளை. ச.அ. பக்கத்து சோடாக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நான் திரும்பி உள்ளே.

பிறகு பூரா நாளும் சாவடிக்குள் ஏஜென்டு பெஞ்சில். வருகிறவர்கள் சீட்டு வாங்குகிறார்கள், விரலில் மை, உள்ளறைக்குப் போகிறார்கள், வருகிறார்கள். நான் வாயைத் திறக்கக் கூடாது. வெளியே போகிறபோது எனக்கு ஜாடை. சிலர் கண்ணடித்தார்கள். ஒரு கிழவர் என் பக்கம் குனிந்து ரகசியமாய், "பச்சை," என்றார். அதிகாரி முறைத்தார்.

அந்தோணியம்மா போன வேகத்தில் திரும்பினாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. சின்னம் தேடியிருந்தால் அந்த நேரம் போதுமா? மை விரலை எனக்கு ஆட்டிக் காட்டிவிட்டுப் போனாள்.

நான் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஊதா நாக்கோடு வீட்டுக்கு வந்தேன். ராஜாமணி: "உங்களுக்கு நாக்கிலயா மை வச்சாங்க?"

ஜனவரி 22, செவ்வாய்

மேகம். அச்சாபீஸ் லீவு போட்டேன், வயிற்றுவலி என்று. பொய்யில்லை.

ச.அ. படுக்கையில். ஓட்டு எண்ணுகிற இடத்துக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்றேன். "யாரும் போவ வாணாம். என் பொணத்த நானே எதுக்குடா எண்ணணும்," என்றார். நானும் வற்புறுத்தவில்லை. போக வேண்டியவன் நான்தானே.

ஜனவரி 26, சனி

ஊரில் கொடி, மிட்டாய். நமக்கு முடிவு வந்தது. எங்களை எதிர்த்து நின்ற தண்டையார்பேட்டை வக்கீல் ஜெயித்தார். ச.அ. நாலாவது. ஆதிமூலம் மூன்றாவது!

ஆதிமூலம். தெருநாய்கூடத் தெரிந்து வைத்திராத ஆதிமூலம். ச.அ.வை விட ஆயிரத்துக்கு மேல் அதிகம்.

ச.அ. படுக்கையில் எழுந்து உட்கார்ந்தார். "பாத்தியாடா? அது யாரு ஓட்டு? அத்தினியும் நம்ம ஓட்டு. கையில கெடச்ச மொத பச்சையில போட்டுட்டுப் போயிருக்குதுங்க."

எனக்கும் அப்படித்தான் பட்டது. வேறெப்படி இருக்க முடியும்?

"என்னைக் கைவுடலடா குப்பம். பெயின்ட்டுதான் கைவுட்டுடுச்சு."

பிலோமினா மூலையில் நின்று அழுதாள். அப்பா தோற்றதற்கா, தோற்ற பிறகும் சிரிப்பதற்கா, தெரியவில்லை. பெட்டி கட்டி வைத்திருக்கிறாள், அவருடையதையும் சேர்த்து.

ஜனவரி 29, செவ்வாய்

தூறல். செருப்பு வார் தைத்தாயிற்று. தைலம் வாங்கினேன்.

ச.அ. எழுந்து நடமாடுகிறார். ஷேவிங். சலவை வேட்டி. அடுத்து கார்ப்பரேஷன் தேர்தலுக்கு நிற்கப் போகிறாராம், குப்பத்து வட்டத்தில். "அங்க இன்னும் நான்தான்" என்பது கணக்கு. வருகிற செவ்வாய் மனுவில் கையெழுத்து.

பிலோமினா: "அப்பா, நெஞ்சு..."

"நெஞ்சு இப்பத்தாம்மா சரியாச்சு. என்னை வாணாம்னு சொல்லியிருந்தா உன் பின்னாடியே வந்திருப்பேன். அவங்க சொல்லலியே."

அவள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். பல்லி ஒன்று இருந்தது.

உண்மையாகவே எனக்கும் ஒரு ஆறுதல்தான். மனுஷர் நன்றி கெட்டவர்களாக இருப்பதை விட முட்டாள்களாக இருப்பது எவ்வளவோ தேவலை. குறைந்தபட்சம் கட்டுரையாவது எழுதலாம். எழுதிவிட்டேன், "பச்சைப் பெட்டி" என்று. ஆசிரியர் படித்துவிட்டு இருமும் அளவுக்குச் சிரித்தார். அடுத்த வாரம் வருகிறது.

பிப்ரவரி 2, சனி

குப்பத்தில் நன்றிக் கூட்டம். ஜெயித்தவர் இன்னும் நன்றி சொல்ல வரவில்லை, தோற்றவர் சொன்னார். மணலில் நல்ல கூட்டம். காற்று. மைக் இல்லை.

பேச்சு நான் எழுதினது: "உங்கள் கை தவறியிருக்கலாம், உங்கள் மனம் தவறவில்லை." ச.அ. அந்த இடத்தில் குரல் உடைந்து நிறுத்திவிட்டார். யாரும் கை தட்டவில்லை. நான்கூட.

கூட்டம் பூரா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெட்கம், பாவம், ஏமாந்துவிட்டோமே என்று.

முடிந்ததும் அந்தோணியம்மாவைப் பிடித்தேன்.

"ஏம்மா, குடைன்னு படம் குடுத்தேனே. பாக்கலியா?"

"அது குடையா? நான் இன்னாமோ பறவைன்னு நெனச்சேன்."

"எந்தப் பெட்டியிலதான் போட்டே?"

"பச்சையில. மாதா மேல ஆணையா பச்சையிலதான் வாத்தியாரே." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அவுரு ஏன் அழுவுறாரு? கூட்டிக்கினு போங்க. காத்து ஒத்துக்காது."

ஒரு வஞ்சிரத்தை ஓலையில் சுற்றி ச.அ. வண்டியில் வைத்தாள். காசு வாங்கவில்லை. ச.அ. வழியெல்லாம் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வேட்டி நாறிவிட்டது. இறக்கி வைக்க மாட்டேன் என்றார்.

பிப்ரவரி 4, திங்கள்

வெயில். பிலோமினா காலை வண்டியில் தனியாகப் போய்விட்டாள். ஸ்டேஷனுக்கு நான்தான் போனேன். "நாளைக்குக் கையெழுத்து போட்டுடுவாரா மாமா?" என்றாள். "போடுவார்," என்றேன். வண்டி நகர்ந்த பிறகு ஜன்னலில் ஏதோ சொன்னாள், கேட்கவில்லை.

கார்ப்பரேஷன் நோட்டீசுக்குக் காகிதம் பார்க்கப் பேசின் பிரிட்ஜ் பக்கம் போனேன். டீக்கடையில் நீலச் சட்டைக்காரர்கள் நடுவே ஒருவரை, "ஆதிமூலம் அண்ணே, வடை ஆறுது," என்று கூப்பிட்டார்கள். ஒல்லியான ஆசாமி, கையெல்லாம் கிரீஸ். ரயில்வே யார்டில் ஃபிட்டராம். என் குணம் சும்மா இருக்குமா? போய்க் கையைப் பிடித்தேன்.

"எங்க சவரியப்பன் ஓட்டையெல்லாம் வாரிக்கிட்டீங்களே சார். ராயபுரம் குப்பமே உங்க பெட்டியில. ஒரு டீயாவது வாங்கித் தரக் கூடாதா?"

அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

"குப்பத்துல எனக்கு ஏது சார் ஓட்டு? எனக்கு உழுந்தது அத்தினியும் இந்த யார்டு ஜனம், பவர் ஹவுஸ் ஜனம். ஓட்டு எண்றப்ப நான் முச்சூடும் அங்கதான் குந்திக்கினு இருந்தேன். ஒங்காளுங்கதான் ஒருத்தரும் வரல. குப்பத்துல வக்கீலு பெட்டி தொறந்தா கொட்டற மாதிரி ரொம்பி இருந்திச்சு. என்னுதுல பதினொண்ணு." டீயை என் பக்கம் நகர்த்தினார். "அதுல எட்டு என் சம்சாரத்தோட அண்ணன் தம்பிங்க."